இரண்டு புள்ளி ஒன்பது

கல்முனைக்குடியில் றாஹிலா வேலைக்குப் புறப்படும் நேரம் பக்கத்து வளவுச் சபியா உம்மாவுக்கு நன்றாகத் தெரியும். றாஹிலா செருப்பை மாட்டும்போதே அவர் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேற்றடியில் வந்து நின்றுவிடுவார்.

"என்ன புள்ள, இந்தக் கிழமையும் எங்கெட ரோட்டுக்குப் பவுசர் இல்லயாம். உன்ட கொம்பியூட்டர்ல நாங்கெல்லாம் மௌத்தாப் போயிட்டமா?"

"இல்ல மாமி. போய்ப் பார்க்கிறன்."

"நேத்தும் பார்த்த. முந்தநாளும் பார்த்த. என்னத்தப் பார்க்கிறாயோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்."

றாஹிலா கேற்றைத் தாண்டி நடந்தாள். சபியா உம்மா கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தண்ணீர் கொண்டுபோகும் பவுசர் வண்டி எந்தத் தெருவுக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்கும் புரோகிராமைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். அது ஏன் சபியா உம்மாவின் தெருவை ஒரு கிழமை சேர்த்து மறு கிழமை விடுகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

அது 2008ஆம் ஆண்டு. கடல் ஊருக்குள் வந்து போய் மூன்று வருடங்களுக்கு மேலாகியும் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உப்பு வற்றவில்லை. வாப்பாவையும், அவருடைய வலைக்கடையையும், வீட்டையும் ஒரே காலையில் பறிகொடுத்தவள் றாஹிலா. உம்மாவோடு மாமாவின் வளவில் தகரக் கொட்டில் ஒன்றில் இருந்துகொண்டுதான் ஒலுவில் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்து கணினிப் படிப்பை முடித்தாள். முடித்த கையோடு ஜெர்மன் உதவி நிறுவனம் ஒன்றின் கல்முனைக் கந்தோரில் வேலை கிடைத்தது.

நிறுவனத்தின் வேலை விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. ஆட்கள் கிணறு கிணறாகப் போய் மீட்டரால் உப்பை அளப்பார்கள். காரைதீவு, மாவடிப்பள்ளி, கல்முனைக்குடி என்று அங்கங்கே இருந்த சிறிய கிளைகளில் அந்த அளவைத் தட்டெழுதுவார்கள். அது ஃபோன் லைன் வழியாகக் கல்முனைக் கணினிக்கு வரும். அளவு இரண்டரைக்கு மேலே போனால் அந்தத் தெருவுக்குப் பவுசர். கீழே இருந்தால் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கலாம். புரோகிராம் வாராவாரம் இதைப் பார்த்துப் பவுசர் போகும் பாதையைத் தானாகவே போட்டுவிடும். சீ என்ற கணினி மொழியில் அதை எழுதியவர் கொழும்பு எஞ்சினியர் ஒருவர். றாஹிலா வேலைக்கு வந்தபோது அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டிருந்தார்.

கந்தோருக்குப் பொறுப்பாக இருந்தவர் சீனித்தம்பி சேர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கால், மதகு, துருசு என்றால் அவரை யாரும் மிஞ்ச முடியாது. கணினி என்றால் அவருக்கு ஒரேயொரு வைத்தியம்தான் தெரியும்.

"ஓஃப் பண்ணி ஓன் பண்ணினயா பிள்ள?"

"இது அப்பிடிச் சரிவாற பிழை இல்ல சேர்."

"ஒருக்காப் பண்ணித்தான் பாரன்."

அவர் சொன்னபடி அணைத்துப் போட்டால் பல தடவை சரியாகியும் விடும். கொஞ்ச நாளைக்கு எல்லாத் தெருக்களும் ஒழுங்காக இருக்கும். பிறகு மறுபடியும் ஏதாவதொரு ஒழுங்கை காணாமல் போகும். ஏன் சரியாகிறது என்று தெரியாமல் சரியாகிற பிழையைப்போல மனிதரை வதைப்பது வேறொன்றுமில்லை. அந்த நாட்களில் றாஹிலா சோற்றைப் பிசைந்துகொண்டே எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். உம்மா திட்டினால்தான் கை வாய்க்குப் போகும்.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பிழை நேர்ந்த தெருக்களில் எல்லாம் அளவு வெறும் இரண்டு என்று பதிவாகியிருந்தது. போன தடவை இரண்டு புள்ளி ஒன்பது இருந்த கிணறு இந்தத் தடவை இரண்டு. இரண்டு புள்ளி ஆறு இருந்ததும் இரண்டு. யாரோ புள்ளியையும் அதற்குப் பின்னால் வருவதையும் தட்டாமல் விடுகிறார்கள் என்று அவள் முடிவு கட்டினாள். அப்படியான பதிவுகள் அதிகம் வந்தது காரைதீவுக் கிளையில் இருந்து. அங்கே அளப்பதும் தட்டுவதும் நிரோசன்.

நிரோசன் காரைதீவுப் பொடியன். மோட்டச் சைக்கிளில் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் திரிபவன். வழியில் செக் பொயிண்டில் மறித்தால் மீட்டரை எடுத்துக் காட்டி, அது என்னவென்று ஒவ்வொரு முறையும் புதிதாக விளக்கவேண்டும். இத்தனைக்கும் பிறகு ஃபோனில் றாஹிலாவின் குரல்.

"நிரோசன், நீங்க புள்ளி அடிக்கிறல்ல."

"நான் அடிக்கிறனான் மிஸ்."

"அடிச்சா எப்பிடி இஞ்ச ரெண்டு எண்டு வரும்?"

"அது எனக்குத் தெரியா. நான் அடிக்கிறனான்."

"ஒண்டு ரெண்டு எண்டாச் சரி. இது எத்தின தரம்?"

"அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டுறீங்களா?"

றாஹிலா ஃபோனை வைத்தாள். பிறகு சீனித்தம்பி சேரிடம் போய், நிரோசனுக்குக் கவனம் போதாது, வேறு யாரையாவது போடுங்கள் என்றாள். சேர் அவனைக் காரைதீவில் இருந்து எடுத்து, கல்முனைக் களஞ்சியத்தில் குளோரின் வாளிகளுக்குக் காவலாக இருத்தினார். மோட்டச் சைக்கிளையும் வாங்கிக்கொண்டார்.

பிழை நிற்கவில்லை. காரைதீவுக்குப் புதிதாகப் போன பிள்ளையின் பதிவுகளிலும் இரண்டு வந்தது. கல்முனைக்குடியில் வந்தது. மாவடிப்பள்ளியில் வந்தது.

ஊர் அதற்குள் தன் கணக்கைப் போட்டுவிட்டது. காரைதீவுக் கடற்கரையில் சனம் பவுசரை மறித்தது. பவுசர் ஓட்டுகிற அச்சிமுகம்மது காக்கா முஸ்லிம் என்பதால்தான் தமிழ் ஒழுங்கைகளை விட்டுவிட்டுப் போகிறார் என்று அங்கே கதை. அதே கிழமை கல்முனைக்குடியில், கந்தோரில் இருப்பது தமிழரான சீனித்தம்பி, அவர்தான் எங்கள் ஆட்களின் தண்ணீரை வெட்டுகிறார் என்று கதை. கிழக்கில் சண்டை ஓய்ந்திருந்தது, வடக்கில் நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்ட காலம். தண்ணீருக்கும் அந்தக் கண் வந்துவிட்டது.

அச்சிமுகம்மது காக்கா உடைந்த முன்கண்ணாடியோடு பவுசரைக் கொண்டுவந்து கந்தோர் வாசலில் குறுக்கே நிறுத்தினார்.

"சேர், இந்தாங்க சாவி. இஞ்ச போனா ஏன் அங்க போன எண்டுறானுகள். அங்க போனா ஏன் இஞ்ச வரல்ல எண்டுறானுகள். நான் தண்ணி ஓட்டுறவன். நீங்க தாற துண்டில என்ன ரோட் இரிக்கோ அங்கதான் போறன். இனி ஏலா."

சீனித்தம்பி சேர் அவரை இருத்திப் பிளேன்டி கொடுத்தார். றாஹிலாவைக் கூப்பிட்டு, "பிள்ள, இது விளையாட்டில்ல. கல்லெறியிற அளவுக்கு வந்திட்டு. இத நிப்பாட்டு" என்றார். நிப்பாட்டத் தெரிந்தால் நிப்பாட்டியிருக்கமாட்டாளா? அவள் வெளியே வந்து, களஞ்சியத்துக்குப் போனாள்.

நிரோசன் வாளிகளுக்கு நடுவே குந்தியிருந்தான்.

"வாங்க. எனக்குப் பக்கத்தில இருந்து, என்ட கண்ணுக்கு முன்னால அடிங்க" என்றாள்.

"ஏன் மிஸ், இன்னும் ஆள் பிடிபடல்லயா?"

றாஹிலா முன்னால் நடந்தாள்.

அன்று வியாழக்கிழமை. கந்தோரில் இரண்டு மேசைகள் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் நிரோசன் பழைய அளவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். றாஹிலா அவன் விரலைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். எல்லாம் சரியாக விழுந்தது. புள்ளி இருந்த இடத்தில் புள்ளி. அவன் இடைக்கிடை அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் அதையும் பொறுத்துக்கொண்டாள்.

கொழும்பிலிருந்து ஃபோன் வந்தது. ஜெர்மன் அதிகாரிக்கு வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு அறிக்கை வேண்டும். வழமையாக அவர்களே அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள், அன்று ஏதோ தடங்கல். றாஹிலா அடுத்த மேசையில் இருந்து அறிக்கையை அனுப்பத் தொடங்கினாள். கல்முனையின் ஃபோன் லைனில் அது மெல்ல மெல்லத்தான் போகும்.

"மிஸ்," என்றான் நிரோசன். "இஞ்ச பாருங்க."

அவன் விரல் 9இன் மேலேயே இருந்தது. புள்ளியை அவன் தட்டியதை அவள் பார்த்திருந்தாள். பதிவான எண் 2.

"இன்னொருக்கா அடிங்க."

2.

"இன்னொண்டு."

3.7 என்று தட்டினான். 3 என்று விழுந்தது. பக்கத்து மேசையில் அறிக்கை போய் முடிந்தது. அவன் மறுபடியும் தட்டினான். 3.7 என்றே விழுந்தது.

றாஹிலா அறிக்கையை மறுபடி அனுப்பினாள். "அடிங்க" என்றாள். 2. அறிக்கை முடிந்தது. "அடிங்க." 2.9.

அறிக்கை எழுதும் பகுதி அவள் எழுதியது. வேலைக்கு வந்த புதிதில், ஜெர்மன் அதிகாரி ஒரு விருப்பம் சொல்லியிருந்தார். அவர்கள் நாட்டில் பதின்மத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளி வைப்பார்கள். 2.9 என்பதை 2,9 என்றுதான் எழுதுவார்கள். அறிக்கை அப்படி இருந்தால் நல்லது என்றார். றாஹிலாவுக்கு அது மிகச் சின்ன வேலையாகத் தெரிந்தது. சீ மொழியோடு வருகிற லைப்ரரியில் அதற்கென்றே செட்லொக்கேல் என்று ஒன்று உண்டு. எந்த நாட்டு வழக்கம் வேண்டுமென்று அதனிடம் சொன்னால், அதன்பிறகு எண்கள் அந்த நாட்டு வழக்கப்படி அச்சாகும். இப்போதிருக்கும் வழக்கத்தை நினைவில் வை, ஜெர்மனுக்கு மாறு, அறிக்கையை எழுது, பழைய வழக்கத்துக்குத் திரும்பு. நாலே வரி. சோதித்துப் பார்த்தபோது அழகாக வேலை செய்தது. அதிகாரி நன்றி சொன்னார். சீனித்தம்பி சேர் கந்தோர் முழுக்க றோல்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

அவள் நினைக்காமல் விட்டது இது. அந்தப் புரோகிராம் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்தது. காரைதீவோடு கதைக்க ஒரு ஓட்டம், மாவடிப்பள்ளியோடு கதைக்க ஒன்று, கொழும்புக்கு அறிக்கை எழுத இன்னொன்று. அந்த ஓட்டத்தைத்தான் த்ரெட் என்பார்கள். செட்லொக்கேல் மாற்றுவது தன்னைக் கூப்பிட்ட த்ரெட்டின் வழக்கத்தை மட்டும் அல்ல. முழுப் புரோகிராமின் வழக்கத்தையும். அறிக்கை எழுதப்படுகிற அந்த நேரம் முழுவதும், காரைதீவில் இருந்து வந்த எண்ணையும் புரோகிராம் ஜெர்மன் வழக்கப்படியே வாசித்தது. ஜெர்மன்காரனுக்கு 2.9இல் இருக்கும் புள்ளி பதின்மக் குறி அல்ல. ஆகவே இரண்டோடு வாசிப்பதை நிறுத்திக்கொண்டது. தட்டிய எழுத்தைச் சேமிக்காமல் எண்ணை மட்டும் சேமித்ததால், பிறகு தேடியும் தடயம் இல்லை.

மூன்று புள்ளி ஏழு மூன்றானாலும் பவுசர் போகும். ஒன்று புள்ளி எட்டு ஒன்றானாலும் யாருக்கும் நட்டமில்லை. இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில் இருந்த கிணறுகள்தான் அகப்பட்டன. அதனால்தான் யாரோ வேண்டுமென்றே இந்தத் தெருவை வெட்டுவதுபோல இருந்தது.

"என்ட பிழை, நிரோசன்" என்றாள் றாஹிலா.

அவன் எழுந்து நின்றான். "மோட்டச் சைக்கிள் சாவி ஆரிட்ட இரிக்கு?" என்று மட்டும் கேட்டான்.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. றாஹிலா அன்றே திருத்தினாள். ஒரு பூட்டு வைத்தாள். அறிக்கை எழுதும் த்ரெட் வழக்கத்தை மாற்றும்போது பூட்டிக்கொள்ளும், முடிந்ததும் திறக்கும். திருத்தியாயிற்று என்று சீனித்தம்பி சேரிடமும், கேற்றடியில் சபியா உம்மாவிடமும் சொன்னாள். அடுத்த வியாழன் மறுபடி இரண்டு.

மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். பிறகுதான் விளங்கியது. பூட்டு, அந்தப் பூட்டைக் கேட்கிறவனைத்தான் தடுக்கும். காரைதீவின் எண்ணை வாசிக்கிற த்ரெட் பூட்டு இருப்பதே தெரியாமல் தன்பாட்டில் வாசித்துக்கொண்டு போகிறது. எண் வாசிக்கிற இடமெல்லாம் பூட்டுப் போட்டால், மெதுவாகப் போகிற அறிக்கை முடியும்வரை எல்லாக் கிளைகளும் கைகட்டி நிற்கவேண்டும்.

லைப்ரரியின் கையேட்டைத் திறந்து, முன்பு பாதியில் விட்ட பக்கத்தைக் கடைசிவரை வாசித்தாள். பல த்ரெட் ஓடும் புரோகிராமில் இதைக் கூப்பிட்டால் எல்லாருக்கும் மாறும் என்று அங்கே ஒரு வரி, பத்தோடு பதினொன்றாக, எந்தக் கூச்சலும் இல்லாமல் இருந்தது. "இத முதல் வரியா எழுதினா என்ன கேடு இவனுகளுக்கு!" என்று அவள் சத்தமாகவே சொல்லிவிட்டாள். சீனித்தம்பி சேர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

அதே கையேட்டில் யூஸ்லொக்கேல் என்று இன்னொன்று இருந்தது. அது கூப்பிட்ட த்ரெட்டின் வழக்கத்தை மட்டும் மாற்றும், மற்றவர்களைத் தொடாது. அவள் தன் நாலு வரியை அழித்துவிட்டு அதைப் போட்டாள். பிறகு நிரோசனைக் கூப்பிட்டு, அறிக்கை போய்க்கொண்டிருக்கும்போதே தட்டச் சொன்னாள். 2.9. அவர்கள் அலுக்கும்வரை தட்டினார்கள். புள்ளி அசையவில்லை.

அணைத்துப் போட்டால் ஏன் சரியானது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சில நாட்களில் கொழும்பில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அறிக்கை கேட்பார்கள். முதல் ஆள் ஜெர்மனுக்கு மாற்றியபிறகு இரண்டாவது ஆள் வருகிறான். "பழைய வழக்கம்" என்று அவன் நினைவில் வைப்பதே ஜெர்மனைத்தான். முதல் ஆளுக்குப் பின்னால் அவன் முடிக்கும்போது அதற்கே திரும்பிவிடுகிறான். அதன்பிறகு யாராவது அணைத்துப் போடும்வரை கல்முனைக் கணினி ஜெர்மனியிலேயே இருக்கும்.

"அப்ப நான் சொன்னது சரிதானே?" என்றார் சீனித்தம்பி சேர்.

"ஓம் சேர்" என்றாள் றாஹிலா.

இழந்த எண்கள் திரும்பி வராது. அதனால் எல்லைக்கோட்டில் இருந்த கிணறுகள் எல்லாவற்றையும் மறுபடி அளக்கவேண்டியிருந்தது. நிரோசன் அளந்தான். பழையபடி அவன் றாஹிலாவோடு சிரித்துக் கதைப்பதில்லை. தட்டிய பிறகு ஃபோனிலும் எடுத்து, "ரெண்டு, புள்ளி, ஒம்பது. புள்ளி அடிச்சிருக்கன் மிஸ். புள்ளி!" என்று உரக்கச் சொல்லுவான். அவள் ஒவ்வொரு முறையும் "ஓம், வந்திட்டு" என்பாள். வேறென்ன சொல்ல?

சனத்துக்கும் தானே சொல்லவேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். காரைதீவுக் கடற்கரையில் பாலம்மா என்ற மீனவப் பெண். பவுசர் வராத கிழமைகளில் எல்லாம் கோயிலடிக் குழாய்வரை நடந்து குடம் சுமந்தவர். றாஹிலா அவருடைய முற்றத்தில் நின்று, கணினி புள்ளியை விட்டுவிட்டது, அது தன்னுடைய பிழை என்று சொன்னாள்.

பாலம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு புள்ளிக்காகவா நான் குடம் தூக்கினன்?"

"ஓம் அக்கா."

"சும்மா போ பிள்ள. அந்தப் பவுசர்க்காரன்ட வேல இது. நீ உங்கட ஆளக் காப்பாத்த வந்திருக்காய்."

"அக்கா, சத்தியமா அவர்ல பிழை இல்ல. கல்முனைக்குடியிலயும் இப்பிடித்தான்."

"அங்க வெட்டினது சீனித்தம்பியாம். கேள்விப்பட்டன்."

பிழை செய்தவள் முன்னால் வந்து நின்று நான்தான் என்கிறாள். நம்ப ஆளில்லை. திரும்பும் வழியில், பவுசர் கண்ணாடியை உடைத்தது பாலம்மாவின் மகன்தான் என்று நிரோசன் சொன்னான்.

மழைக்காலம் வந்து போனது. சபியா உம்மாவின் கிணறு இரண்டு புள்ளி நாலுக்கு இறங்கியது. இந்த முறை பவுசர் நியாயமாகவே நின்றது. சபியா உம்மா ஒரு கிளாஸ் தண்ணீரை றாஹிலாவின் கையில் திணித்து, "குடிச்சுப் பாரு. இது நல்ல தண்ணியா?" என்றார். றாஹிலா குடித்தாள். கொஞ்சம் உப்புத்தான்.

"அளவு சரியாத்தான் இரிக்கு மாமி."

"உன்ட அளவும் நீயும்."

2009 மே மாதம் கல்முனைப் பிரதான வீதியில் சிலர் வெடி கொளுத்தினார்கள். வேறு சில கடைகள் பாதிக் கதவோடு நின்றன. சண்டை முடிந்துவிட்டது. சில கிழமைகளில் நிறுவனம் கல்முனைக் கந்தோரை மூடிவிட்டு வவுனியாவுக்குப் போக முடிவெடுத்தது. அங்கே முகாம்களில் லட்சக் கணக்கில் சனம், எல்லாருக்கும் தண்ணீர் பவுசரில்தான் போகவேண்டும். புரோகிராமின் பிரதி ஒன்று முன்னமே வவுனியாவுக்குப் போயிருந்தது. எந்தப் பிரதி என்று றாஹிலா விசாரித்தாள். பிழை திருத்தாத பழையது.

உம்மா வேண்டாம் என்றார். கலியாணப் பேச்சு ஒன்று சம்மாந்துறையில் இருந்து வந்திருந்தது. "அவனுகளுக்கு ஃபோன்ல சொல்லிப் போடன். நீ ஏன் அந்தக் காட்டுக்குப் போகணும்?"

"சொல்லிட்டன் உம்மா. ஓம் ஓம் எண்டுறானுகள். ஒருத்தனும் செய்யல்ல."

"கலியாணம்?"

"அவங்க காத்திருந்தா இருக்கட்டும்."

அவள் பஸ் ஏறினாள். வவுனியாவில் முதல் நாளே பழைய பிரதியை அழித்துப் புதியதைப் போட்டாள். வேலை ஓயவில்லை, ஒரு வருடத்துக்குக் கிட்ட அங்கேயே இருந்தாள். உம்மா முதல் மாதம் கதைக்கவில்லை. பிறகு பொரித்த இறாலும் அச்சாறும் போத்தலில் அடைத்து அனுப்பத் தொடங்கினார். சம்மாந்துறை மாப்பிள்ளை காத்திருக்கவில்லை.

இப்போது றாஹிலா தெஹிவளையில் இருக்கிறாள். கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை. கணவர் மருதமுனைக்காரர், பாடசாலை ஆசிரியர். இரண்டு பெண்பிள்ளைகள். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று ஊரில் யாராவது கேட்டால், உம்மா இன்றைக்கும் தயங்காமல் சொல்வது, "தண்ணிக் கந்தோர்ல" என்றுதான். றாஹிலா திருத்தப் பார்த்துக் களைத்து, அப்படியே விட்டுவிட்டாள்.